வண்டி ஹீட் ஆகிறதா? எப்போது ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் பொருள் வாங்குங்கள்

சேலத்தில் ஏற்காடு அடிவாரம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மே மாத ஞாயிறு எப்படி இருக்கும் என்று தெரியும். மலைக்குப் போன வண்டிகளில் ஒன்றாவது ஆவி விட்டுக்கொண்டு இறங்கி வரும், இல்லையென்றால் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். "ரேடியேட்டர் மாத்தணுமாண்ணா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். சிலர் ஏற்கெனவே மாற்றிவிட்டு வந்திருப்பார்கள், வண்டி அப்படியேதான் ஹீட் ஆகிக்கொண்டிருக்கும். பொருளில் கை வைப்பதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்றுதான்: டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் எப்போது ஏறுகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, மேட்டிலா, அணைத்த பிறகா? அதை வைத்துத்தான் கீழே தலைப்புகளைப் பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில்.

மின்சார ஃபேன் உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கான குறிப்பு இது. ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, இண்டிகா என்று நம் தெருவில் நிற்கிற வண்டிகள் பெரும்பாலும் இதில் அடங்கும். பல சின்ன வண்டிகளில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் தெரியாது. அந்த மாதிரி வண்டிக்கு ஓபிடி போர்ட்டில் (வண்டிக் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கிற சாக்கெட்) செருகுகிற சின்ன ப்ளூடூத் ரீடர் ஒன்று வாங்கி, போனில் கூலன்ட் சூட்டை, அதாவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். ஓட்டத்தில் 85 முதல் 100 டிகிரி வரை இருந்தால் சரி. 105-ஐத் தாண்டியும் நிற்காமல் ஏறினால் நிறுத்த வேண்டியதுதான்.

## முள் இப்போதே சிவப்பில் நிற்கிறது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும். ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே போய்விடும். அதற்குள் ஓரம் கட்ட இடம் பாருங்கள்.

பானெட் இடுக்கில் ஆவி வந்தாலோ, கீழே தண்ணீர் கொட்டினாலோ உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆவியும் இல்லை, ஒழுக்கும் இல்லை, ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது என்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டுப் பார்க்கலாம். முள் இறங்கவில்லையென்றால் அணையுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்தால் பல வண்டிகளில் ஃபேன் தொடர்ந்து ஓடும், அதுவும் உதவிதான்.

ரேடியேட்டர் மூடியை அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குத் தொடக் கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர். திறந்ததும் முகத்துக்கு நேராக அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியோடு பிடித்து அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் காத்திருங்கள், தளர்ந்து அமுங்கினால் மூடி மேல் தடித்த துணி போட்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி, புஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகு கழற்றுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது. இன்ஜினின் மேல் பாகமான ஹெட் அல்லது அடிப்பாகமான பிளாக் விரிசல் விட்டுவிடும். முழுக்க ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்குக் குடிதண்ணீர் கேன் போதும்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, ஊருக்குள்ள போயிடலாம்" என்று ஓட்டி வருகிறார்கள் பாருங்கள், ஹெட் வேலைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பகுதி அதுதான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும், முள் தானாகவே இறங்கிவிடும். சரியாகிவிட்டது என்று ஓட்டுனர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். சிவப்பைத் தொட்ட முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் அதுதான் மோசமான அடையாளம்.

## எந்த அறிகுறி என்றாலும் ஆறிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது

காலையில், இன்ஜின் கை வைக்கிற அளவுக்கு ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணி ஃபுல்லா இருக்குண்ணா" என்று சொல்வதில் பயனில்லை. மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் ரிசர்வ் டேங்க் வெறும் சேமிப்புதான். மூடியோ, டேங்குக்குப் போகிற சின்ன டியூபோ கெட்டிருந்தால் டேங்கில் தண்ணீர் அப்படியே நிற்கும், ரேடியேட்டர் கழுத்து வரை காய்ந்து கிடக்கும். சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, டேங்கின் திருகு மூடிதான் அழுத்த மூடி. அங்கே டேங்கின் அளவே உண்மையான அளவு.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, ஊதியிருக்கிறதா? நடுவில் பித்தளைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன வால்வு இருக்கும். நகத்தால் இழுத்து விட்டால் துள்ளித் திரும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் மூடி போச்சு. மேலே 0.9 என்றோ 1.1 என்றோ எண் போட்டிருக்கும், புதிதாக வாங்குவதும் அதே எண்ணாக இருக்கட்டும். சில நூறு ரூபாய்ப் பொருள் இது. இதற்காக ரேடியேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஹோஸ் முனைகளில் பச்சையோ ரோஸோ வெள்ளையோ படிவு இருக்கிறதா, கிரில்லுக்கு முன்னால் காற்றை மறிக்கிற எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றும் மாலையும் காய்ந்து கிரில்லை மூடிக்கொண்டு இரண்டு வாரம் சுற்றுகிற வண்டிகளை அக்டோபரில் நிறையப் பார்க்கலாம். அவிழ்த்துப் போட்டாலே சில வண்டிக்கு வேலை முடிந்தது.

## டிராஃபிக்கில் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது

ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. அதனால் இந்த அறிகுறிக்கு முதலில் ஃபேன் பக்கம்தான் போக வேண்டும். ரேடியேட்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும்.

ஃபேன் சுற்றவே இல்லை. ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே எண், அதே கால்கள் உள்ள வேறு ரிலே, பெரும்பாலும் ஹாரனுடையது, இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்து ஃபேன் மோட்டாருக்குப் போகிற கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருந்தால் கரண்ட் சரியாகப் போகவில்லை. மூன்றும் சரியென்றால், ஃபேனை ஆன் செய்யும் நிலையில் வைத்து, மோட்டாரின் பின்பக்கத்தை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போதைக்கு வீடு போய்ச் சேரலாம், மறுநாள் மோட்டார் மாற்ற வேண்டும். கையைத் தூரமாக வையுங்கள், சாவி ஆஃபில் இருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றும்.

ஏசி போட்டால் சுற்றுகிறது, இன்ஜின் சூட்டுக்குச் சுற்றுவதில்லை. மோட்டார் நல்லது. கூலன்ட் சென்சார் அல்லது பழைய வண்டியென்றால் ரேடியேட்டரில் பொருத்திய டெம்பரேச்சர் சுவிட்ச்தான் கோளாறு. இரண்டு வேக ஃபேன் உள்ள வண்டியில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்திருக்கலாம். அப்போது குறைந்த வேகம் வராது, நன்றாகக் கொதித்த பிறகுதான் ஒரேயடியாக வேகமாகச் சுற்றும்.

சுற்றுகிறது, ஆனாலும் ஹீட் ஆகிறது. ஒரு முழு செய்தித்தாள் தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். உள்பக்கம் இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் உங்கள் பக்கம் பறந்தால் மோட்டார் மாற்றியபோது வயர் மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. லேசாக மட்டும் ஒட்டினால் மோட்டார் வேகம் குறைந்துவிட்டது, அல்லது ஃபேனைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் உறை இல்லை. முன்பக்கம் இடித்து டிங்கரிங் செய்த வண்டிகளில் அந்த உறையைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றினாலும் காற்று ரேடியேட்டர் வழியாக வராது, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஃபியூஸ் புதிதாகப் போட்டும் உடனே எரிந்தால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், வயரிங் பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## சமதளத்தில் சரி, மேட்டிலும் ஹைவேயிலும் ஏறுகிறது

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஊருக்குள் மறைந்திருக்கிற குறையெல்லாம் இந்த வளைவுகளில்தான் வெளியே வரும். ஓடும் வண்டியில் ஃபேனுக்கு வேலை குறைவு. அதனால் தண்ணீர் ஓட்டம், காற்றோட்டம், அழுத்தம் ஆகிய மூன்றில் எங்கே குறை என்று தேட வேண்டும்.

முதலில் மறுபடியும் மூடிதான். இது மலையில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் சமதளத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. மூடியின் ரப்பர் கசிந்தால் ஃபேன் போடுகிற சூடு வருவதற்குள்ளாகவே மலையில் தண்ணீர் கொதித்து ரிசர்வ் டேங்குக்கு ஓடிவிடும். சேலத்தில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிற வண்டி பாதி மலையில் ஆவி விட இது ஒன்றே போதும்.

அடுத்து ரேடியேட்டரின் வெளிப்பக்கம். முன்னால் இருப்பது ஏசி கன்டென்சர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் குப்பை சேரும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கொள்ளும் ராகியும் சாலையில் போட்டு வண்டி ஏற்றிப் போர் அடிக்கிற காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்த வண்டியைத் திறந்தால் இடுக்கு முழுக்கச் சருகும் உமியுமாக இருக்கும். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தோட்டத்து டியூபில் வருகிற அளவு அழுத்தத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை நேராக அடித்தால் தகடுகள் மடிந்து காற்றுப் போகிற வழியே மூடிக்கொள்ளும்.

வெளியே சுத்தம் என்றால் உள்ளே பார்க்க வேண்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கன்னை ரேடியேட்டர் தகடுகளின் மேல் பட்டை பட்டையாக ஓட்டுங்கள். சூடு தண்ணீர் நுழைகிற பக்கத்திலிருந்து வெளியேறுகிற பக்கம் வரை சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு. போர்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டியில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பித்தளை ரேடியேட்டர் காலத்தில் டேங்கைப் பிரித்து ராடு விட்டுக் குத்தி எடுப்பார்கள். இப்போதுள்ள அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரில் அந்த வேலை சரிப்பட்டு வராது. ஒரு தடவை ஃப்ளஷ் செய்து பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் புதிது போடுங்கள்.

கீழ் ஹோஸையும் கவனியுங்கள். ஒருவரை ஆக்ஸிலேட்டரை மிதித்து 3,000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தால், சில வண்டிகளில் அந்த ஹோஸ் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிடும். ஐடிலில் மறுபடி உருண்டையாகிவிடும் என்பதால் பட்டறையில் நிற்கும்போது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஹோஸ் நைந்துவிட்டது அல்லது உள்ளே இருந்த ஸ்பிரிங் இல்லை. ஹோஸை மாற்றினால் போதும்.

இதெல்லாம் சரியென்றால் வாட்டர் பம்ப். கப்பியை ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பம்ப்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் ஈரமோ படிவோ இருந்தால் சீல் போய்விட்டது. வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியில் உள்ளே இறக்கைகளைத் துரு தின்றிருக்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, மெதுவாக ஓட்டும்போது சமாளிக்கும், வேகத்தில் தண்ணீர் தள்ளாது. சில வண்டிகளில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். அங்கே நீங்களாகக் கை வைக்காதீர்கள், டைமிங் தவறினால் வால்வு போய்விடலாம். பம்ப் மாற்றும்போதே டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான்.

இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலும் மலையில் ஹீட் ஆகலாம். கிளட்ச் நழுவினாலோ, ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலோ சுமை ஏறும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு வீல் பக்கமும் கையைக் கிட்டே கொண்டு போய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனலாக வீசினால் பிரேக். ஓட்டும் விதமும் உண்டு. மூணாவது கியரில் இன்ஜின் திணறத் திணற ஏற்றுவதைவிட இரண்டாவதில் 2,500 ஆர்பிஎம் வாக்கில் ஏற்றினால் பம்ப் நன்றாகச் சுற்றும், சூடு குறையும். வளைவில் ஹாஃப் கிளட்ச்சில் தொங்கிக்கொண்டு நிற்காதீர்கள். ஆள் நிறைய, கேரியரில் மூட்டை, ஏசி முழு வேகம் என்று மூன்றும் சேர்ந்தால் ஏசியையாவது அணைக்க வேண்டும்.

## ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மளமளவென்று ஏறுகிறது

நேற்று கூலன்ட் மாற்றினீர்களா, ஹோஸ் மாற்றினீர்களா? அப்படியென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடும், ஹீட்டரைப் போட்டால் சூடு வராமல் சாதாரணக் காற்று வரும், டாஷ்போர்டுக்குள் சலசலவென்று சத்தம் கேட்கும். காற்று எடுக்கும் முறை கீழே இருக்கிறது.

எதையும் தொடவில்லையென்றால் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற வால்வு, மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். மேல் ஹோஸ் நன்றாகச் சூடு, கீழ் ஹோஸ் கிட்டத்தட்டக் குளிர்ச்சி என்றால் அதுதான் முதல் சந்தேகம். கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடேற்றுங்கள். அதன் மேலேயே பொறித்திருக்கிற எண், பெரும்பாலும் 82 அல்லது 88, அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வாயைத் திறக்க ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லையென்றால் மாற்றுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம், பழைய டின் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேணாம், கழட்டி எறிஞ்சிடுங்க" என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. பழைய அம்பாசிடர் காலத்து யோசனை அது. இன்றைய வண்டியில் அதைக் கழற்றினால் இன்ஜின் சூடேறாமலேயே ஓடும், கம்ப்யூட்டர் குளிர் இன்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக விடும், மைலேஜ் விழும். ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் சுற்றுகிற பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடுகிற மாதிரி அமைத்த இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் கழற்றிவிட்டு ஊர் வந்து சேருங்கள், மறுநாள் புதிது போட்டுவிடுங்கள்.

## தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது

கீழே சொட்டுகிறது. இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். ஏசித் தண்ணீர் நிறமும் வாசனையும் இல்லாமல் இருக்கும், கூலன்ட் நிறத்தோடு, விரலில் வழவழப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கும். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், அதனால் சிந்தியதைக் கழுவிவிடுங்கள். அட்டையில் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே தேடுங்கள்: கிளாம்ப், ஹோஸ் முனை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேர்கிற விளிம்பு, பம்ப்.

சொட்டவில்லை, ஆனால் குறைகிறது. முன் சீட்டில் கால் வைக்கிற இடத்துக் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்து கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி மூட்டம் வந்தால் ஹீட்டர் கோர் (டாஷ்போர்டுக்குள் இருக்கிற சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது. சில ஒழுக்குகள் அழுத்தம் ஏறினால் மட்டும் வரும், சூட்டில் உடனே காய்ந்தும் விடும். அதற்குப் பட்டறையில் பிரஷர் டெஸ்டர் இருக்கும். மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் போட்ட அளவு வரை பம்ப் அடித்து, கால் மணி நேரம் விட்டால் முள் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

லாரிக்காரர்கள் ரேடியேட்டர் ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போடுவார்கள். அது வேலை செய்யும், மறுக்கவில்லை. நடு ராத்திரி, பக்கத்தில் கடை இல்லாத இடத்தில் ஊர் சேர உதவும். ஆனால் ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு ரேடியேட்டர் குழாய் எது, ஓட்டை எது என்று தெரியாது. கடையில் விற்கிற லீக் ஸ்டாப் பவுடரும் அப்படித்தான். போட்டால் ஒழுக்கைச் சரி செய்கிற அன்றே முழுக்க ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.

## அணைத்த பிறகு கொதிக்கிற சத்தம்

நீண்ட ஓட்டத்துக்குப் பின் உடனே அணைத்தால் பம்ப் நின்றுவிடும், இன்ஜின் இரும்பில் இருக்கிற சூடு தண்ணீரில் ஏறும். சில நிமிடம் ஃபேன் தானாக ஓடி நிற்பது சாதாரணம். ரிசர்வ் டேங்கில் குபுகுபுவென்று கொதித்து வெளியே வழிந்தால் மூடியை மாற்றுங்கள், கூலன்ட் அளவைச் சரி பாருங்கள். மலை ஏறி நின்றதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கிற பழக்கம் நல்லது.

## முள் மட்டும் ஏறுகிறது, வண்டியில் சூடே இல்லை

ஹோஸ் சாதாரணச் சூடு, மூடி அமைதி, முள் மட்டும் உச்சியில் என்றால் சென்சார், அதன் கனெக்டர் அல்லது எர்த் வயர். சாவியைப் போட்டதுமே குளிர் இன்ஜினில் முள் எகிறினால் சந்தேகமே வேண்டாம். ஓபிடி ரீடரில் வரும் எண்ணையும் முள்ளையும் ஒப்பிடுங்கள். சென்சார் கனெக்டரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஃபேன் நிற்காமல் ஓடும், அது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

## கூலன்ட் ஊற்றுவதும் காற்று எடுப்பதும்

நம் ஊரில் உறைகிற குளிர் இல்லை, அப்புறம் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருப் பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலை உயரவும்தான். செறிவு கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. பெட்ரோல் பங்கில் பேட்டரி தண்ணீர் என்று கேட்டு வாங்கும்போது ஆசிட் கேன் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். பச்சை, சிவப்பு, நீலம் என்கிற நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிப் புத்தகத்தில் போட்ட வகையைப் பாருங்கள். சாதாரணக் கூலன்ட்டைப் பொதுவாக 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரில் மாற்றிவிடலாம்.

காற்று எடுக்க, வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்றை வெளியேற்றுகிற பிளீட் ஸ்குரூ இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும் வரை மெதுவாக ஊற்றி இறுக்குங்கள். மூடி திறந்தபடி ஐடிலில் விட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். ஹீட்டரில் நல்ல சூடு வந்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றால் மூடிவிடலாம். மறுநாள் காலை மறுபடி திறந்து பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

## வெள்ளைப் புகை, நிறம் மாறிய ஆயில், கல்லாக இறுகிய ஹோஸ்

இங்கே உங்கள் வேலை கண்டுபிடிப்பதோடு முடிகிறது. ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் இறுகிப் போகிறதா? தண்ணீர் சூடாவதற்கு முன்பே அழுத்தம் வருகிறது என்றால் அது சிலிண்டரிலிருந்து வருகிற கேஸ். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் கழுத்தில் குமிழி நிற்காமல் வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் வெண்மை இருந்தால் பயப்பட வேண்டாம், கிட்டக் கிட்ட ஓடுகிற வண்டியில் ஈரத்தால் வரும். அதேபோல ஏற்காட்டுக் குளிரில் காலையில் சைலன்சரில் கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வருவதும் சாதாரணம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாசனையோடு வந்தால்தான் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன் கெமிக்கல் டெஸ்ட் கேளுங்கள். ரேடியேட்டர் கழுத்தில் வைத்து ஆவியை உறிஞ்சும்போது நீல மருந்து மஞ்சளாக மாறினால் கேஸ் கலக்கிறது. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். இரண்டும் இல்லாமல் "கேஸ்கெட் போயிருக்கும்" என்று மட்டும் சொல்லி இறக்குகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இறக்கிய பிறகு ஹெட்டின் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல பெட்ரோல் கார்களில் 0.05 மி.மீ. வாக்கில்தான் விட்டுக்கொடுப்பு. அதற்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் ஃபேஸிங், விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட். அளக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், மறுக்க மாட்டார்கள். இழுபடுகிற வகை ஹெட் போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது, புதிது வாங்க வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச் இல்லாமல் கை அளவில் இறுக்குகிற வேலை சில மாதம்கூடத் தாங்காது.

எல்லாம் முடிந்து பில் வரும்போது அதில் ஒன்றைத் தேடுங்கள். கேஸ்கெட் தானாகப் போகவில்லை, ஏதோ ஒன்றால் வண்டி ஹீட் ஆகித்தான் போனது. ஃபேன் மோட்டாரோ, மூடியோ, பம்போ, ரேடியேட்டரோ, அந்த ஏதோ ஒன்று பில்லில் இல்லையென்றால் காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "ஏன் ஹீட் ஆச்சுன்னு பார்த்தீங்களாண்ணா?"